தராசுக்காரர் கேஸுக்கு மாறினார்

"குழாய எடுத்துடாதப்பா, இன்னும் சொட்டுது."

பெட்ரோல் பங்கில் இதைச் சொல்லாமல் தம்பி வண்டியை எடுத்ததே கிடையாது. மீட்டர் நின்ற பிறகு காரின் பின்பக்கத்தைப் பிடித்து இரண்டு ஆட்டு ஆட்டுவான். டாங்கில் எங்காவது காற்று அடைத்துக்கொண்டிருந்தால் அது விலகி, பெட்ரோல் இறங்க இடம் கிடைக்குமாம். அப்புறம் ரப்பர் குழாயைத் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்து, அதன் வயிற்றில் தங்கியதையும் தன் டாங்குக்குள் வடித்துக்கொள்வான். பின்னால் நிற்கிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். முன் சீட்டில் இருக்கும் அக்கா கண்ணாடியை இறக்கி, "என்ன அவசரம்? அவன் காசு குடுத்ததத்தானே புடிக்கிறான்" என்று எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொல்வாள்.

தம்பிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. தலையில் கறுப்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கடைத்தெருவில் அவனை எல்லோரும் தராசுக்காரர் என்பார்கள். அக்காவுக்கு அவன் தம்பிதான். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

கடைகளில் இருக்கும் எடை மெஷின்களைப் பழுது பார்ப்பது அவன் தொழில். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் தராசுத் தட்டை விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டுவான். ஆடிய எண் பூஜ்யத்துக்கு வந்து நின்றால்தான் கடைக்காரருக்கு வணக்கம் சொல்வான். அவனுடைய எடைக்கற்கள் ஒரு மரப்பெட்டியில், ஒவ்வொன்றும் தன் தன் குழியில், பஞ்சுத்துணி போர்த்திக்கொண்டு படுத்திருக்கும். அவற்றை அவன் வெறும் கையால் தொட்டு யாரும் பார்த்ததில்லை.

"விரல் வேர்வையும் எடைதாங்க" என்பான்.

"நாங்க கட்டை வெரலயே வச்சு நிறுக்கிறோம். நீ வேர்வைக்குப் பயப்படறியே!" என்று கறிக்கடைக்காரர் ஒருமுறை சொன்னார். கடையே சிரித்தது. தம்பி மட்டும் சிரிக்காமல் அந்தத் தராசை இன்னொரு தரம் சரிபார்த்தான்.

வீட்டிலும் அதே கதைதான். சர்க்கரைப் பொட்டலம் வந்தால் அலமாரிக்குப் போகும் முன் அவன் தராசில் ஏறி இறங்கும். கதவுக்குத் திரைச்சீலை வாங்கும் முன் கதவை அளப்பான். வாங்கி வந்த பிறகு திரையை அளப்பான். மாட்டிய பிறகு மறுபடி கதவை அளப்பான். "உங்க தம்பி என்னையக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி மட்டும் எதையும் அளந்து பாக்கல அண்ணி" என்பாள் அவன் மனைவி. "பாத்திருந்தா நீ தப்பிச்சிருப்பே" என்பாள் அக்கா. ஆனால் வெளியாள் யாராவது தம்பியைக் கஞ்சன் என்று சொல்லிவிட்டால் அக்காவுக்கு மூக்கு விடைத்துவிடும். "கஞ்சனா? அவன் கணக்கா இருக்கான். எங்க வீட்டு மூளை மொத்தமும் அவனுக்குப் போயிடுச்சு. எனக்கு வெரல் மட்டும்தான் மிச்சம்."

விரல் என்று அவள் சொன்னது சும்மா இல்லை. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அக்காவின் கால்கள் இரண்டும் பலம் இழந்துவிட்டன. பள்ளிக்கூடமும் அதோடு நின்றது. வீட்டில் உட்கார்ந்து பழகிய ஒரே விஷயம் கேரம். இன்றைக்கு நகரத்துத் தொழிலாளர் மன்றத்தில் அக்கா சக்கர நாற்காலியில் பலகைக்கு எதிரே வந்துவிட்டால், எதிராளி அதுவரை பேசிக்கொண்டிருந்த பேச்சை நிறுத்திவிடுவார். சனிக்கிழமைதோறும் ஆட்டம். ஆட்ட நாளில் அக்கா நாற்காலிச் சக்கரத்தைத் தன் கையால் உருட்டமாட்டாள். உருட்டினால் விரல் இறுகிவிடும், அடி தடுமாறும். அன்றைக்கு அவளைத் தள்ளிக்கொண்டு போவது தம்பியின் வேலை. அந்த ஒரு வேலையில் மட்டும் அவன் கணக்குப் பார்த்ததில்லை.

பார்க்க வைத்தது பெட்ரோல். மன்றம் நகரத்தின் அந்தக் கோடியில். வீடு இந்தக் கோடியில். விலை ஏற ஏற தம்பி வண்டியைப் பட்டினி போட்டுப் பழக்கினான். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டான். ஏசியை மறந்தான். பாரம் குறையட்டும் என்று கால்மிதியை எல்லாம் எடுத்து வீட்டில் வைத்தான். கடைசியில் ஒரு சனிக்கிழமை, "இன்னிக்கு வண்டி கொஞ்சம் சரியில்லக்கா" என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். ஜன்னலுக்கு வெளியே வண்டி கல்லுப்பிள்ளையார் மாதிரி ஆரோக்கியமாக நின்றிருந்தது. அக்கா அதையும் பார்த்தாள், அவனையும் பார்த்தாள். "எனக்கும் இன்னிக்கு அலுப்பாத்தான் இருக்கு" என்றாள். அடுத்த சனிக்கிழமை அவன் வாயைத் திறக்கும் முன்னாலேயே அலுப்பு என்று சொல்லிவிட்டாள்.

அன்று தம்பிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டு வந்து, அறிவித்தான்: "வண்டிய கேஸுக்கு மாத்தப் போறேன். பெட்ரோல்ல பாதி செலவுகூட ஆகாது. இனிமே சனிக்கிழமை மட்டுமில்ல, நெனைச்சப்ப எல்லாம் போலாம்."

அதற்கு நேரமும் தோதாக வந்தது. மன்றத்தின் வருடாந்தரப் போட்டியில் அக்கா அரையிறுதிக்கு வந்திருந்தாள். எதிரே உட்காரப்போகிறவர் ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர். போன வருஷம் அக்காவைத் தோற்கடித்துவிட்டு, "பொம்பளைங்க பரவாயில்லாம ஆடறாங்க" என்று பாராட்டியவர். அந்தப் பாராட்டு அக்காவுக்கு ஒரு வருஷமாகச் செரிக்கவில்லை. மன்றத்தின் விதி எளிமையானது. வராதவர் தோற்றவர்.

கேஸ் மாட்டும் பட்டறைக்கு அக்காவும் போனாள். தம்பி புதிதாக ஒன்று செய்யும்போது கூட இருந்து பார்ப்பது அவளுக்குச் சினிமா பார்ப்பது மாதிரி. தகரக் கொட்டகை நிழலில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். கேஸ்காரர் கை துடைத்துக்கொண்டே வந்தார். அவர் உடம்பில் கேஸ் வாடை. வாயில் ஒரு பல்குச்சி.

"சிலிண்டர் ரெண்டு மாதிரி இருக்குண்ணே. உருளையா ஒண்ணு, டிக்கியில குறுக்க படுக்கும். இன்னொண்ணு வட்டமா, ஸ்டெப்னி குழிக்குள்ள உக்காந்துக்கும். வட்டம் வச்சா டிக்கி அப்படியே இருக்கும். ஸ்டெப்னிதான் போயிடும்."

"ஸ்டெப்னி இல்லாம எப்படிங்க வண்டி ஓட்டறது?" தம்பி பதறிவிட்டான். வண்டி வாங்கிய நாளிலிருந்து அந்த ஸ்டெப்னி தரையைத் தொட்டதில்லை. அவன் மாதம் ஒருமுறை அதை எடுத்துத் துடைத்துக் காற்றுப் பார்த்து மறுபடி படுக்க வைப்பதோடு சரி. "உருளையே மாட்டுங்க."

"டிக்கியில வேற சாமான் ஏதாச்சும் வைப்பீங்களா?"

"ஒண்ணும் கிடையாது. என் கல்லுப் பெட்டிகூட பின் சீட்லதான் வரும். டிக்கி எப்பவும் காலி."

அவன் பொய் சொல்லவில்லை. சக்கர நாற்காலியை அவன் ஒருநாளும் சாமான் என்று நினைத்ததில்லை. அது அக்காவின் உடம்பில் ஒரு பாகம். அந்த நேரத்தில் அது அக்காவைச் சுமந்துகொண்டு நிழலில் இருந்தது. அக்காவும் தம்பி பேசுகிற அழகைக் கேட்டுப் பூரித்துப்போய் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தாள்.

கேஸ்காரரின் டேப்பைத் தம்பி நம்பவில்லை. தன் டேப்பை எடுத்தான். டிக்கியின் நீளம், அகலம், ஆழம், கதவு மூடும்போது உள்ளே வரும் வளைவு, சிலிண்டரின் உடல், அதைப் பிடிக்கும் பட்டை, பட்டையின் போல்ட் மண்டை, எல்லாவற்றையும் அளந்தான். "அளந்தாச்சு. மாட்டலாம்" என்றான், ஏதோ கப்பலுக்கு நங்கூரம் தூக்கச் சொல்கிற மாதிரி.

வேலை முடிந்ததும் கேஸ்காரர் சோப்பு நுரையைத் தொட்டு ஒவ்வொரு இணைப்பிலும் தடவினார். கசிவு இருந்தால் குமிழி விடும். விடவில்லை. தம்பி குனிந்து பார்த்து, "இன்னொரு தரம் தடவுங்க" என்றான். தடவினார். "அந்த வளைவுல இன்னும் கொஞ்சம்" என்றான்.

"அண்ணே, நீங்க சரி பண்ணின தராச நான் வந்து மறுபடி நிறுத்துப் பாக்கறனா?"

"வந்து பாருங்களேன். அதுக்குத்தானே தராசு."

கேஸ்காரர் பல்குச்சியை வாயின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு மாற்றிக்கொண்டார். நிழலில் இருந்த அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

சாவியைத் திருப்பினார்கள். வண்டி பெட்ரோலில் கிளம்பி, சூடு ஏறியதும் 'டிக்' என்று ஒரு சத்தம் போட்டுக் கேஸுக்குத் தாவியது. டாஷ்போர்டில் பச்சை விளக்கு எரிந்தது. தம்பி முகத்திலும் எரிந்தது. அக்காவைத் தூக்கி முன் சீட்டில் உட்கார வைத்தான். நாற்காலியை மடக்கினான். பின்னால் போய் டிக்கியைத் திறந்தான்.

பக்கக் கண்ணாடியில் அக்காவுக்கு அவனுடைய பாதி உடம்பு தெரிந்தது. அந்தப் பாதி வெகுநேரம் அசையவில்லை. பிறகு நாற்காலியைப் படுக்க வைத்துப் பார்த்தது. நிமிர்த்திப் பார்த்தது. திருப்பிப் போட்டுப் பார்த்தது. கடைசியாகச் சிலிண்டரின் மேல் சாய்த்து வைத்தபோது மற்றதெல்லாம் அடங்கி, இரண்டு கைப்பிடிகள் மட்டும் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கதவு அவற்றின் மேல் பட்டுப் பட்டு எழும்பியது. கேஸ்காரர் தகரக் கூரையில் எதையோ ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"நாற்காலி கொஞ்சம் பெருசா இருக்கு" என்று தம்பி தீர்ப்புச் சொன்னான்.

அன்று நாற்காலி தனியாக ஒரு ஆட்டோவில் ஏறி, அக்காவுக்குப் பின்னாலேயே பெரிய மனுஷன் மாதிரி வீடு வந்து சேர்ந்தது. ஆட்டோவுக்குக் கொடுத்ததில் கேஸ் மிச்சம் பிடித்துத் தரவேண்டியது முதல் நாளே தீர்ந்துபோனது.

"சிலிண்டரக் கழட்டிட்டு அந்த வட்டத்த மாட்டச் சொல்லுங்க" என்றாள் மனைவி.

"அளந்து மாட்டினதுடி அது!"

"அளந்தீங்க, சரி. அண்ணி எப்படிப் போவாங்க?"

அதற்கு அவனிடம் அளவு இல்லை. நாற்காலியைப் பின் சீட்டில் ஏற்றிப் பார்த்தான். பழங்காலத்து இரும்பு நாற்காலி, சக்கரம் கழலாது. காரின் பின் கதவோ பூனை நுழைகிற அகலம். கயிறு போட்டு டிக்கியைக் கட்டிவிடலாம் என்றாள் அக்கா. "தொறந்து வச்சு ஓட்டினா புகை பூரா உள்ள வரும், மூச்சு முட்டும்" என்றான். நாற்காலியே வேண்டாம், மன்றத்துக்குள் அவளைத் தூக்கிக்கொண்டே போய்விடுகிறேன் என்றான்.

"அந்த மேனேஜர் முன்னாடி என்னைய மூட்டை மாதிரி தூக்கிட்டுப் போயி எறக்கி வைப்பியா? அதுக்கு நான் தோத்துட்டேன்னே சொல்லி அனுப்பிடறேன்" என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. ஆனால் அன்று மாலை அவள் வீட்டுக் கேரம் பலகைக்குப் பவுடர் போடவில்லை. தம்பி அதைக் கவனித்தான்.

அரையிறுதி நடக்கிற சனிக்கிழமை விடிந்தது. அக்கா கட்டிலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். வாசல் பக்கம் இரும்பு அறுக்கும் சத்தம் கேட்டது. நிதானமான, அவசரமே இல்லாத சத்தம். நின்றது. அளக்கிற இடைவெளி. மறுபடி கேட்டது. பிறகு அரம் போடுகிற சத்தம். அதற்கும் பிறகு டிக்கிக் கதவு மூடுகிற சத்தம், 'டப்' என்று, கச்சிதமாக. திறந்து மூடினான், திறந்து மூடினான். வீடு முழுக்கக் கேட்க வேண்டும் என்று மூடினான்.

நாற்காலியை உருட்டிக்கொண்டு உள்ளே வந்தான். உருட்டி என்றால், முன்பக்கம் நின்று கைச்சட்டத்தைப் பிடித்துப் பின்னோக்கி இழுத்துக்கொண்டு.

"அக்கா, சுத்தமா உள்ள அடங்குது! ஒரு நூல் மிச்சம்கூட இல்ல. இவ்வளவு நாள் இந்த ரெண்டு கொம்புதான் தகராறு பண்ணிட்டிருந்திருக்கு."

கொம்பு என்று அவன் சொன்னது நாற்காலியின் கைப்பிடிகளை. அவை இருந்த இடத்தில் இரண்டு குழாய் முனைகள் நின்றன. பிசிறு இல்லாமல் அரம் போட்டு, உப்புத்தாள் தேய்த்து, சேலை மாட்டக்கூடாது என்று கறுப்பு ரப்பர் மூடியும் செருகியிருந்தான். நகைக்கடையில் செய்தது போல் இருந்தது வேலை.

அக்கா சீப்பைக் கீழே வைத்தாள். ரப்பர் மூடிகளைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். இத்தனை நாள் செத்துக் கிடந்த முகத்தில் இப்போது அத்தனை விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. சமையலறை வாசலில் நின்ற தம்பி மனைவி எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். அக்கா அவளை ஒரு பார்வை பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது.

"அழகா அறுத்திருக்கேடா" என்றாள் அக்கா. "கைய கழுவிட்டு வா. நேரமாவுது."

வழியெல்லாம் தம்பி பேசிக்கொண்டே வந்தான். கேஸில் எஞ்சினுக்குள் கரி படியாது. சத்தம் குறைவு. மேடு ஏறும்போது கொஞ்சம் இழுவை குறையும். இறக்கத்தில் யாருக்கும் தெரியாது. பெட்ரோல் பங்க் வந்தபோது வேகத்தைக் குறைத்து, அங்கே நின்ற வரிசையை ஒரு ஜமீன்தார் மாதிரி பார்த்தான். "பாவம்" என்றான். அக்கா மடியில் கையை வைத்து விரல்களை ஒவ்வொன்றாக நீவி விட்டுக்கொண்டிருந்தாள். "ஆமாண்டா, பாவம்தான்" என்றாள்.

மன்றத்து வாசலில் ஆட்டக்காரர்களும் வேடிக்கை பார்ப்பவர்களும் நின்றிருந்தார்கள். மேனேஜர் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில், தூணில் சாய்ந்து, ஸ்ட்ரைக்கரைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். தம்பி டிக்கியைத் திறந்து நாற்காலியை எடுத்து விரித்தான். அக்காவைத் தூக்கி உட்கார வைத்தான். உள்ளே போக ஒரு சாய்தளம் ஏற வேண்டும். பின்னால் போய் நின்று, வழக்கம் போல இரண்டு கைகளையும் நீட்டினான்.

கைகள் காற்றைப் பிடித்தன.

விரல்கள் ஒருமுறை மூடித் திறந்தன. மறுபடி, கொஞ்சம் கீழே, தேடின. ரப்பர் மூடிகள் தட்டுப்பட்டன. அவை பிடிக்கவும் ஆகாது, தள்ளவும் ஆகாது. வழுக்கின. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் அவன் மூச்சு நின்றுபோனது மட்டும் அவளுக்குக் கேட்டது.

காவலாளி ஓடி வந்தார். "என்னண்ணே, கைப்பிடியக் காணோம்? யாரு அறுத்தது?"

தூணில் சாய்ந்திருந்த மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். நாலு பேர் திரும்பினார்கள். தம்பியின் முகம் காது வரை சிவந்துவிட்டது. எத்தனையோ கடைகளில் எத்தனையோ பேரின் தப்பான எடையைக் கண்டுபிடித்துச் சொன்ன வாய் அது. இப்போது அவன் ரப்பர் மூடிகள் மேல் கையை வைத்து மறைத்தான்.

"நான்தான் அறுக்கச் சொன்னேன்" என்றாள் அக்கா.

"எதுக்குக்கா?"

"பின்ன என்னப்பா? ரோட்ல போறவன் வர்றவன் எல்லாம் என்னக் கேக்காமலே வந்து தள்ளறான். நான் ஒரு பக்கம் பாத்துட்டிருப்பேன், அவன் ஒரு பக்கம் தள்ளிட்டுப் போறான். கைப்பிடி இருந்தாத்தானே! இப்ப பாரு, எந்தம்பியத் தவிர வேற யாராலயும் தள்ள முடியாது. நல்லா கணக்குப் பாத்து செஞ்சு குடுத்திருக்கான்."

காவலாளி நாற்காலியை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தார். "அது சரி" என்றார். அவர் குரலில் மரியாதை ஏறியிருந்தது. "வேலைப்பாடு பிரமாதம். ரப்பர் எல்லாம் போட்டிருக்காரே!" மேனேஜர்கூடத் தலையை ஆட்டினார்.

சாய்தளம் எதிரே இருந்தது. சுவர்க்கடிகாரம் மணி ஆகிவிட்டது என்று உள்ளேயிருந்து அடித்தது. கடைசியில் தம்பி முட்டி மடங்க நன்றாகக் குனிந்தான். முகம் அக்காவின் பின்னலுக்கு நேரே வந்தது. சாய்மானத் துணியின் மேல் விளிம்பைப் பிடித்துப் பார்த்தான். அது அக்காவின் முதுகில் இறுக ஒட்டியிருந்தது. விரல் நுழைய வழியில்லை.

"அக்கா..." என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

அக்கா முதுகைச் சாய்மானத்திலிருந்து எடுத்து, மடியில் இருந்த கைகளின் மேல் முன்னால் குனிந்துகொண்டாள், அவனுடைய இரண்டு கைகளுக்கும் இடம் இருக்கும்படி.